தக்காளி உறைந்தால் போர்டை மாற்ற வேண்டுமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஏழு ஆண்டுகளாக அவர் வீட்டில் இருக்கும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில், ஒரு மாதமாகக் கீழ்த்தட்டில் வைக்கும் தக்காளியும் கீரையும் உறைந்து போகின்றன; கம்ப்ரஸர் இரவு பகலாக நிற்காமல் ஓடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் குளிர்ச்சியை அளக்கும் சென்சாரை மீட்டரில் வைத்துப் பார்த்து, “சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும்” என்றாராம் (போர்டு என்பது கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் மின்னணு அட்டை). இன்னொருவர் கேஸ் குறைந்துவிட்டது என்றாராம். சென்சார் கெட்டதா இல்லையா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா என்று கேட்கிறார்.

வழி உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரும் ஒரு டம்ளர் ஐஸும் போதும். போர்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், அல்லது உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

முதலில் கேஸ் பேச்சை ஒதுக்கிவிடுவோம். காய்கறி உறையும் அளவுக்குக் குளிர்கிறது என்றாலே உள்ளே கேஸ் இருக்கிறது என்றுதான் பொருள். ஃப்ரிட்ஜின் கேஸ் சமையல் சிலிண்டரைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும், குறைந்தால் குளிர்ச்சி குறையுமே தவிரக் கூடாது. உங்களிடம் கேஸ் பேச்சை எடுத்தவரை மறுபடி கூப்பிட வேண்டாம். இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ என்ற கேஸ் தீப்பற்றக்கூடியது. தேவையில்லாமல் குழாயை வெட்டிப் பற்றவைப்பது வீண் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

கதவு ஓரத்து ரப்பர் கிழிந்திருந்தாலும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். ஆனால் அப்போது காய் உறையாது. ஓயாத ஓட்டமும் உறைதலும் சேர்ந்து வருவதால் உங்கள் வீட்டில் முதல் சந்தேகம் சென்சார் மேலும் அதைப் படிக்கும் போர்டு மேலும்தான் விழுகிறது.

சென்சார் என்பது ஒயர் முனையில் இருக்கும் பட்டாணி அளவுத் துண்டு. சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். போர்டு அந்தத் தடையைப் பார்த்துத்தான் உள்ளே எவ்வளவு குளிர்ச்சி என்று கணிக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடப்பதால் மேலுறையில் மயிரிழை விரிசல் விட்டு உள்ளே ஈரம் புகுந்தால், தடை இருக்க வேண்டியதைவிடக் குறைவாகக் காட்டும். போர்டு அதை ‘இன்னும் சூடாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு கம்ப்ரஸரை நிறுத்தாமல் ஓட்டும். உங்கள் தக்காளி உறைவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சோதனைக்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்; ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. கீழ் அறையின் பின்சுவரிலோ பக்கச் சுவரிலோ துளைகள் போட்ட சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும், பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் சென்சார் இருக்கும். அதன் கனெக்டரைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும், ஏனெனில் போர்டோடு சேர்ந்திருக்கும்போது வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. கனெக்டர் கண்ணில் படாமல் ஒயர் சுவருக்குள் போய்விட்டால் நீங்கள் மேற்கொண்டு எதையும் பிரிக்க வேண்டாம். பின்பக்கத்துப் போர்டு மூடியை எலக்ட்ரீஷியன் திறக்கட்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

கதவைத் திறந்துபோட்டுச் சென்சார் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு முறை அதன் மின்தடையை மீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள் (மின்தடையின் அளவுதான் ஓம்). விரலால் சென்சாரைப் பிடிக்காதீர்கள், உடம்புச் சூடு எண்ணை மாற்றிவிடும். அடுத்து ஒரு டம்ளரில் உடைத்த ஐஸை நிரப்பி, இடைவெளிகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். அந்தக் கலவை 0 டிகிரியில் நிற்கும். மெல்லிய பிளாஸ்டிக் பையில் சென்சாரை இட்டு, காற்று இல்லாமல் அழுத்தி, கலவைக்குள் பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மலிவு மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்திருந்தால் இப்போது வெறும் 1 என்று நிற்கக்கூடும். ஒயர் அறுந்துவிட்டது என்று பதற வேண்டாம், 200 கிலோ ஓமுக்குத் திருப்பினால் எண் வரும்.

எந்த நிறுவனத்துச் சென்சாருக்கு எத்தனை ஓம் என்பது தெரியாமலேயே முடிவுக்கு வர ஒரு வழி இருக்கிறது. நம் சமையலறைகள் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் வந்த எண்ணைப்போல ஐஸ் தண்ணீரில் வந்த எண் ஏறக்குறைய மூன்றரை மடங்கிலிருந்து நாலரை மடங்குக்குள் இருந்தால் சென்சார் நலம். இரண்டு, இரண்டரை மடங்கிலேயே நின்றாலும், எண் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தாலும் சென்சார் கெட்டுவிட்டது.

அந்த மெக்கானிக் எங்கே தவறியிருக்கக்கூடும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பல ஃப்ரிட்ஜ்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் சென்சார்தான் இருக்கும். 32 டிகிரிச் சமையலறையில் அது ஏழரை கிலோ ஓம் காட்ட வேண்டும். ஈரம் புகுந்தது ஆறு காட்டும். பார்ப்பவர் ‘ஏதோ பக்கத்தில்தான் இருக்கிறது’ என்று விட்டுவிடுவார். ஆனால் 0 டிகிரியில் 30 காட்ட வேண்டிய இடத்தில் அதே சென்சார் 15தான் காட்டும். 15 கிலோ ஓம் என்றால் போர்டின் கணக்கில் ஏறத்தாழ 16 டிகிரி. காய் உறைந்துகொண்டிருக்கும்போது போர்டு 16 டிகிரி என்று நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. குளிரில் வேலை செய்யும் பொருளை வெயிலில் மட்டும் அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது வைத்தியம் ஆகாது. சில நூறு ரூபாய்ச் சென்சாருக்காக ஆயிரக்கணக்கில் போர்டு விற்கப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃப்ரீசருக்குள் பனி படிந்து, அதைக் கரைக்க நடுவில் பொத்தான் உள்ள குமிழை அழுத்தும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் உங்களுடையது என்றால், மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. அதில் மின்னணுச் சென்சாரே கிடையாது. குமிழுக்குப் பின்னால் தெர்மோஸ்டாட் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய உலோகக் குழாயின் நுனி ஃப்ரீசர் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழாய்க்குள் அடைத்த வாயு சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, ஸ்விட்சைப் போட்டு அணைக்கிறது, அவ்வளவுதான். கடைக்காரர்கள் சிலர் அந்தக் குழாயையும் சென்சார் என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. அதை மீட்டரால் ஐஸில் அளக்க முடியாது. நுனி இடம் விலகியிருந்தால் கிளிப்பில் மாட்டினாலே சரியாகும், குழாய் மடிந்து உடைந்திருந்தால் தெர்மோஸ்டாட்டை முழுதாக மாற்ற வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்கு ‘சென்சார் போர்டு’ மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்தப் போர்டு, எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எத்தனை டிகிரிக்கு எத்தனை ஓம் என்ற ஒரு பக்க அட்டவணையை நிறுவனங்கள் கையேட்டில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் இந்த மடங்குக் கணக்கே தேவைப்பட்டிருக்காது. வாங்குபவருக்குத் தரும் கையேடுகளில் அந்த அட்டவணையை நான் பார்த்ததில்லை. ஐஸ் தட்டை எப்படிக் கழுவுவது என்று மட்டும் பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாசலைத் திறந்தது. அதற்குப் பிறகும் வீட்டுக்காரர் கைக்கு அந்த ஒரு பக்கம் வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சென்சார்தான் பழுது என்று தெரிந்துவிட்டால் சில இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று கடையில் தரும் பொதுச் சென்சாரை வாங்காதீர்கள். ஐந்து கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் பத்தைப் போட்டால், போர்டு உள்ளே மிகவும் குளிர்ந்துவிட்டது என்று எண்ணிக் கம்ப்ரஸரைச் சீக்கிரமே நிறுத்திவிடும், பால் கெடும். ஃப்ரிட்ஜின் மாடல் எண்ணைச் சொல்லியே வாங்க வேண்டும். பழைய ஒயரை வெட்டிப் புதியதை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதை அனுமதிக்காதீர்கள். ஈரத்தில் டேப் விட்டுவிடும், சில மாதங்களில் அதே கோளாறு திரும்ப வரும். பற்றாசு வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூட வேண்டும். இணையத்தில் தேடும்போது முதலில் வரும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணை நம்பாதீர்கள். நிறுவனத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு இடைத்தரகர்கள் நடத்தும் எண்கள் அவற்றில் கலந்திருக்கின்றன. வாரண்டி அட்டையில் அச்சடித்த எண்ணையே கூப்பிடுங்கள். போர்டைக் கழற்றி ‘பட்டறைக்குக் கொண்டுபோகிறேன்’ என்பவரிடம் கொடுத்தனுப்பாதீர்கள்; எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

ஐஸ் சோதனையில் சென்சார் தேறிவிட்டால்தான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் முழுப் போர்டும் போயிருக்க வேண்டும் என்பதில்லை. கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் ரிலே ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம், மின்னணுப் பழுது பார்ப்பவர் அதை மட்டும் மாற்றித் தருவார்.

எதைச் சரிசெய்தாலும் அன்றைக்கே பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதற்குள் வெப்பமானியைப் போட்டு, மறுநாள் காலை கதவைத் திறந்தவுடன் பாருங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்து, கம்ப்ரஸரும் இடையிடையே நின்று ஓடினால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.