ஸ்டேசனில் வந்து நிற்கும் டிராம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெல்பேர்னில் இருக்கும் மகள் ஒரு படம் அனுப்பினாள். செயின்ட் கில்டா என்ற இடமாம். பழைய கோச்சி ஸ்டேசன் கட்டடம் அப்படியே இருக்கிறது, ஆனால் பக்கத்தில் நிற்பது டிராம். ஓடிக்கொண்டிருந்த ரயிலை எதற்காக நிறுத்தினார்கள்?
- வாசகி, உப்புவெளி

பதில்: அக்கா, அது 1857-இல் திறந்த ரயில் பாதை. பக்கத்தில் இன்னொன்று, போர்ட் மெல்பேர்ன் துறைமுகத்துக்குப் போவது, அதைவிட மூன்று வருடம் மூத்தது. 1854-இல் அவுஸ்திரேலியாவின் முதல் நீராவி ரயில் ஓடியதே அதில்தான். இரண்டுமே நகரத்திலிருந்து கடற்கரைக்கு வந்து முடிந்துவிடுகிற குட்டைப் பாதைகள், அதற்கு அப்பால் போக இடமில்லை, பயணிகளும் குறைந்துகொண்டே போனார்கள். 1987-இல் இரண்டையும் டிராமுக்கு மாற்றினார்கள்.

வெறுமனே பெட்டியை மாற்றிய வேலை இல்லை அது. அங்கே ரயில் தண்டவாளத்தின் அகலம் 1600 மில்லிமீற்றர், டிராமுக்கு 1435, ஆகவே தண்டவாளத்தை நெருக்கிப் போட வேண்டியிருந்தது. கம்பியில் ஓடிய மின்சாரமும் 1500 வோல்ற்றிலிருந்து 600-க்கு இறங்கியது. இவ்வளவு செலவழித்ததில் என்ன லாபம் என்றால், ரயில் ஸ்டேசனோடு நின்றுவிடும், டிராம் நிற்காது. உங்கள் மகள் படமெடுத்த இடத்தில் 96-ஆம் இலக்க டிராம் பழைய ரயில் பாதையை விட்டு ரோட்டில் ஏறி, கடைத்தெரு வழியே கடற்கரைப் பக்கம் போகும். மற்ற முனையில் நகரத்தின் நடுவே பேர்க் வீதியில் கடை வாசல்களில் ஆட்களை இறக்கிவிடும். இடையில் உள்ள தூரத்தில் கார், பஸ் எதுவும் அதே பாதையில் ஓடாது, பழைய ரயில் பாதைதானே, அதனால் ரோட்டு டிராமை விட வேகமாகவும் வரும்.

கேள்வி: ரயிலுக்குக் கட்டிய பிளாட்போம் டிராமுக்கு உயரமாக இருக்காதா?
- வாசகர், சீனக்குடா

பதில்: தம்பி, இந்த விசயத்தின் நாடியையே பிடித்துவிட்டீர். எல்லாச் செலவும் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் சின்ன ஸ்டேசன்களில் ஏறுவதை நினைத்துப் பாரும். முதலில் பையை உள்ளே தள்ளி, கைபிடியை எட்டிப் பிடித்து, ஒரு காலைப் படியில் ஊன்றி, பின்னால் நிற்கிறவர் கொஞ்சம் முட்டுக் கொடுத்தால்தான் வயதானவர் மேலே போவார். பிளாட்போமும் பெட்டியின் தரையும் ஒரே மட்டத்தில் இல்லாததால் வரும் பாடு இது. பழைய ரயில் பாதையில் டிராம் விடுகிறவர்களுக்கும் இதே தலையிடிதான், ஆனால் தலைகீழாக: மேடை உயரம், டிராமின் தரை தாழ்வு.

இங்கிலாந்தில் இரண்டு ஊர்க்காரர் இரண்டு விதமாகத் தீர்த்தார்கள். மன்செஸ்டரில் 1992-இல் பரி, ஒல்ட்ரின்சம் என்ற இரண்டு புறநகர் ரயில் பாதைகளை டிராமுக்கு எடுத்தபோது ஸ்டேசன் மேடைகளை இடிக்கவில்லை. ஒரு மீற்றருக்குக் கிட்ட உயரமான அந்த மேடைக்குப் பொருந்துகிற மாதிரி உயரத் தரை டிராமையே வாங்கினார்கள். காசு மிச்சம் என்று பார்த்தால், நகர நடுவில் ரோட்டோரத்திலும் அதே உயரத்துக்கு மேடை கட்டி, சக்கர நாற்காலி ஏற நீளச் சாய்வும் போட வேண்டியதாகிவிட்டது. பிறகு பாதை நீண்ட இடமெல்லாம் உயர மேடைதான்.

லண்டனுக்குத் தெற்கே குரொய்டனில் வேறு கணக்கு. விம்பிள்டனிலிருந்து மேற்குக் குரொய்டன் போன ரயிலை 1997-இல் நிறுத்தி, 2000-இல் அதே பாதையில் டிராம் விட்டார்கள். வாங்கியது தாழ்தரை டிராம், ஆகவே சுமார் 35 சென்ரிமீற்றர் உயரத்தில் புது மேடை. குழந்தை வண்டியை உருட்டிக்கொண்டே ஏறலாம். என்னைக் கேட்டால் குரொய்டன்காரர்தான் புத்திசாலிகள், ஆனால் மன்செஸ்டரில் காசு எண்ணிக்கொண்டு இருந்தவரின் இடத்தில் நானும் இருந்தால் என்ன செய்திருப்பேனோ!

கேள்வி: அப்படியென்றால் தம்பலகாமத்திலிருந்து திருகோணமலை டவுனுக்கு டிராம் விட்டால் என்ன? பாதை இருக்கிறதே!
- வாசகர், தம்பலகாமம்

பதில்: ஆசை நல்லது. ஆனால் மேலே சொன்ன ஊர்களில் எல்லாம் ரயிலை முற்றாக நிறுத்திவிட்டுத்தான் டிராமைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பாதைதான் திருகோணமலையிலிருந்து கல்லோயாச் சந்திக்குப் போகிற ஒரே பாதை, அதுவும் ஒற்றைத் தண்டவாளம். கொழும்புக்குப் போகிற இரவு ரயில் அதில்தான் ஓட வேண்டும். அகலம் 1676 மில்லிமீற்றர், டிராமுக்கு வழமையான அளவே இல்லை. போதாக்குறைக்கு இலங்கையில் ஒரு ரயில் பாதைக்கும் மின்கம்பி இல்லை.

அகலத்தை மாற்றவே முடியாது என்றும் இல்லை, களனிவெளிப் பாதையில் 762 மில்லிமீற்றராக இருந்ததை 1990களில் அகலப் பாதையாக்கினார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது டிராமா, அடிக்கடி வருகிற வண்டியா? இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு ஒட்டித் தண்டவாளத்தில் விட்ட ரயில் பஸ் இந்த நாட்டிலேயே ஓடியிருக்கிறது. காலையில் பள்ளிக்கூடம், கந்தோர் போகிற நேரத்துக்கும் பின்னேரம் திரும்புகிற நேரத்துக்கும் அப்படி ஒன்றைக் கேளுங்கள். மனு எழுதுவதானால் டிராம் என்ற சொல்லை எழுதவேண்டாம், சிரித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

கேள்வி: கொழும்பில் டிராமில் போனதாக அப்பப்பா சொல்வார். உண்மையா?
- வாசகி, நிலாவெளி

பதில்: உண்மைதான். 1899 முதல் 1960 வரை ஓடியது, கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும். ஆனால் அது ரோட்டில் பதித்த தண்டவாளம், ரயில் ஸ்டேசனைப் பிடித்து மாற்றியது அல்ல.

கேள்வி: ஸ்டேசன் டிராம் தரிப்பிடமானால் ஸ்டேசன் மாஸ்டர் என்ன ஆவார்?
- வாசகர், கந்தளாய்

பதில்: மாஸ்டரும் போவார், ரிக்கெட் ஜன்னலும் போகும், மழைக்கு ஒதுங்கிய அறையும் பல இடங்களில் போகும். செயின்ட் கில்டாவில் கட்டடம் கடைகளுக்குப் போய்விட்டது. தரிப்பிடத்தில் மிஞ்சுவது ஒரு கூரை, ஒரு வாங்கு, அடுத்த டிராம் எப்போது என்று காட்டும் பலகை. ஆனால் அந்தப் பலகையில் அடுத்த டிராமுக்கு நிமிடக் கணக்குத்தான் இருக்கும், நாங்கள் இங்கே மணிக்கணக்கில் பார்க்கிறோம். கழிப்பறை மட்டும் இல்லாமல் போனதை நான் மன்னிக்க மாட்டேன்.

கேள்வி: (உப்புவெளி வாசகியே மறுபடி) மகளிடம் போகப்போகிறேன். அந்த டிராமில் தனியாக ஏறலாமா?

பதில்: தாராளமாக. நகர நடுவில் டிராம் இலவசம், 2015 முதல் அப்படி. ஆனால் செயின்ட் கில்டா அந்த எல்லைக்கு வெளியே, ஆகவே மைக்கி என்ற அட்டையை வாங்கி, டிராமுக்குள் ஏறியதும் அங்கே உள்ள கருவியில் தொடவேண்டும். ஸ்டேசனில் கேட்டில் ரிக்கெட் காட்டுகிற பழக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிடாதீர்கள், பரிசோதகர் வந்தால் தண்டப்பணம். சிறிய சில்லறைப் பை ஒன்றை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டு, அட்டையை அதற்குள் வையுங்கள்.