நாயைப் பழக்கினா குளிசையை விடலாமா?

கேள்வி: எனக்கு 26 வயசு, வெள்ளவத்தை. ரெண்டு வருசமா பனிக் அட்டாக், 100ஆம் நம்பர் பஸ்ல ஏறினாலே நெஞ்சு படபடத்து பாதியில இறங்கிடுறன். வீட்டில 8 மாச நாய்க்குட்டி நிக்குது. அமெரிக்காவில ஆக்கள் தாங்களே நாயைப் பழக்கி கூட்டிட்டுத் திரியுற வீடியோ பாத்தன். நானும் பழக்கினா குளிசையை விடலாமா? அம்மா "உனக்கென்ன விசரா" எண்டு ஏசுறா.

பதில்: விசர் இல்ல தங்கச்சி, அம்மாட்ட சொல்லுங்க. அங்க 1990 ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சொந்தக்காரரே நாயைப் பழக்கலாம், சர்டிபிகேட்டும் தேவையில்ல, ஆனா வருத்தத்துக்குப் பொருந்தின ஒரு வேலையை அது செய்யப் பழகியிருக்கோணும். கை நடுங்கத் தொடங்கினா வந்து மூக்கால இடிக்கிறது, மடியில ஏறி பாரமா படுக்கிறது, கெட்ட கனவில கத்தினா எழுப்புறது, இப்பிடி. சும்மா பக்கத்தில கிடந்து ஆறுதல் தாறதை அவங்கள் கணக்கில எடுக்கிறேல்ல.

அந்தச் சட்டம் கொழும்பில செல்லாது, நீங்க நாயோட ஏறினா கொண்டக்டர் என்ன சொல்லுவார் எண்டு உங்களுக்கே தெரியும். ஆனா எனக்கு அதைவிடப் பெரிய யோசனை ஒண்டு இருக்கு. பனிக் வருத்தம் மாறுறது எப்பிடியெண்டா, பயந்த இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாப் போய் நெஞ்சு அடிச்சாலும் தானா அடங்கும், ஒண்டும் நடக்காது எண்டு உடம்பு பழகிறதாலதான், நாய் பக்கத்தில இருந்தாத்தான் வெளிய போவன் எண்டு வந்திட்டா உங்கட மூளை "நாய்தான் காப்பாத்தினது" எண்டு படிச்சிடும், பிறகு நாய் இல்லாம கடைக்கும் போக ஏலாது. தண்ணிப் போத்தல் இல்லாம வீட்டை விட்டு வெளிக்கிடாத ஆக்களைப் பாத்திருக்கிறன், அதே கதைதான்.

அதனால குட்டியை வீட்டுக்குள்ள பழக்குங்க. மடியில படுக்கிறதை முதல்ல, பிஸ்கட் குடுத்து, நீங்க நல்லா இருக்கிற நேரத்தில. அடிக்கிறது கூடாது. வெடிச் சத்தத்துக்கு கட்டிலுக்குக் கீழ ஓடுற குட்டியெண்டா இந்த வேலை அதுக்குச் சரிவராது, அதைச் செல்லமாவே வச்சிருங்க. விசர்நாய் ஊசி வருசா வருசம் போடோணும். பஸ்ஸுக்கு நாய் வேண்டாம், முதல் கிழமை ஒரு ஹோல்ட், அடுத்த கிழமை ரெண்டு, அம்மா வேணுமெண்டா பின் சீட்டில.

குளிசையை நீங்களா நிப்பாட்ட வேண்டாம், டக்கெண்டு விட்டா தலைசுத்தும், பனிக்கும் திரும்பி வரும். குறைக்கிறதெண்டா தந்த டொக்டரோட கதைச்சு மெல்ல மெல்ல. தைரொயிட் பிளட் டெஸ்ட் இன்னும் செய்யேல்லையெண்டா அதையும் கேளுங்க, அது கூடினாலும் நெஞ்சு இப்பிடித்தான் அடிக்கும். ராவில தாங்க ஏலாம வந்தா அங்கொடை மனநல ஆஸ்பத்திரியின்ட 1926 க்கு அடியுங்க.