சாரணையா, பருப்புக்கீரையா, மூக்கிரட்டையா? கணுவைப் பாருங்கள்

கேள்வி: மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்து 18 நாள் ஆகிறது. ஒரு மழைக்குப் பிறகு வரிசைகளுக்கு இடையே சதைப்பற்றான செடி ஒன்று பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. உரக்கடைக்காரர் சாரணை என்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் மூக்கிரட்டை என்கிறார். களை எடுக்க வந்த அம்மா பருப்புக்கீரை என்று சொல்லி மடியில் கட்டிக்கொண்டு போகிறார். எது சரி? சாப்பிடலாமா? இதற்கு என்ன மருந்து அடிப்பது? (திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மழை விழுந்த சில நாட்களில் ஒரே சீராக முளைத்து, மூன்று வாரத்துக்குள் தரையை மூடுகிறது என்றால் அது சாரணையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பை நம்பி மருந்து வாங்குவதும் கீரை சமைப்பதும் சரியல்ல. பெயரையும் நம்ப முடியாது. சாரணை, சாரணத்தி, சாட்டரணை என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இடம் மாறி, சில இடங்களில் மூக்கிரட்டையையும் குறிக்கும். மூவர் மூன்று பெயர் சொல்லியிருப்பதில் வியப்பில்லை.

குழப்பம் பழையது. சாரணையின் தாவரவியல் பெயர் ட்ரையாந்திமா போர்ச்சுலகாஸ்ட்ரம். பின்பாதிக்குப் பொருளே 'பருப்புக்கீரையைப் போன்றது' என்பதுதான். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் அது. முன்பாதிக்கு 'மூன்று பூ' என்று பொருள். ஆனால் இந்தச் செடியில் ஓர் இலைக்கோணத்தில் (இலை தண்டோடு சேரும் மூலையில்) ஒரு பூதான் இருக்கும்.

வெறும் இலை வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யப் போனால் ஏமாறுவீர்கள். மூன்றுக்குமே இலை ஏறத்தாழ முட்டை வடிவம், தண்டில் சிவப்பு ஓட்டம், தரையோடு படரும் குணம். சாரணையிலேயே இரண்டு வகை கலந்து வளரும்: தண்டும் இலை விளிம்பும் சிவந்து இளஞ்சிவப்பாகப் பூப்பது ஒன்று, முழுக்கப் பச்சையாக இருந்து வெள்ளையாகப் பூப்பது மற்றொன்று. ஆகவே நிறத்தை வைத்து 'இது வேறு, அது வேறு' என்று பிரிக்காதீர்கள். பார்க்க வேண்டிய இடம் கணு.

ஒரு செடியை ஆணிவேரோடு பிடுங்குங்கள். நுனிக் கொழுந்தை விட்டுவிட்டு, தண்டின் நடுவில் முற்றிய ஒரு கணுவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சாரணையாக இருந்தால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை எதிரெதிராக இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே அளவில் இருக்காது. ஒன்று பெரிது, இன்னொன்று கிட்டத்தட்ட அதில் பாதி. இலைக்குத் தெளிவான காம்பு உண்டு. அந்தக் காம்பின் அடிப்பகுதி அகன்று, வெங்காயத் தோல்போல் மெல்லிய சவ்வாகித் தண்டைத் தழுவியிருக்கும். எதிரெதிர்க் காம்புகளின் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கணுவில் ஒரு சின்னப் பையை உண்டாக்கும். இந்தப் பைதான் சாரணையின் அடையாள அட்டை. பருப்புக்கீரையிலும் மூக்கிரட்டையிலும் இது கிடையாது. 18 நாள் செடியில் பூ இல்லாவிட்டாலும் இந்தச் சவ்வு தெரியும். கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்றால், கைப்பேசி கேமராவில் கணுவைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பூவும் காயும் அந்தப் பைக்குள்ளேயே உருவாகும். பூவுக்குக் காம்பு இல்லை. பாதி உடம்பு பைக்குள் புதைந்திருக்க, ஐந்து மடல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அவை உண்மையில் அல்லி இதழ்கள் அல்ல. வெளிப்புறம் பச்சையாகவும் உட்புறம் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உள்ள பூவுறை மடல்கள்தான். மகரந்தத் தாள்கள் பத்துக்கு மேல் இருக்கும். பூ காலையில் சில மணி நேரமே விரிந்திருக்கும். மாலையில் வயலுக்குப் போகிறவர் 'இந்தச் செடி பூப்பதே இல்லை' என்று சொல்வது இதனால்தான். பூப்பது தெரியாமலே விதை கட்டிவிடும்.

காயைத் தேட, பையை நகத்தால் கிழியுங்கள். உச்சி தட்டையான, தட்டின் ஓரத்தில் இரண்டு சிறு கொம்பு போன்ற விளிம்புகள் உள்ள காய் அகப்படும். முற்றிய காய் குறுக்காக வெடித்து, மூடி தனியாகக் கழன்று விழும். கீழ்ப்பாதிக் கிண்ணத்தில் சில விதைகள் இருக்கும். கவனிக்க வேண்டியது, கழன்ற மூடிக்குள்ளும் விதை சிக்கியிருக்கும். விதை கறுப்பு, சிறுநீரக வடிவம், குறுக்களவு சுமார் 2 மி.மீ., மேலே அலை அலையாக வரிகள். ஒரு காயில் உள்ளவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பருப்புக்கீரையை இதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று விளங்கும். அதன் தண்டு வழவழப்பாக உருண்டு இருக்கும். இலைக்குக் காம்பு என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடி குறுகிக் கரண்டிபோல் தண்டில் ஒட்டும். இலைகள் பெரும்பாலும் மாறி மாறி அமைந்து, கிளை நுனியில் மட்டும் கொத்தாக நெருங்கி நிற்கும். அந்தக் கொத்தின் நடுவிலேதான் பூ வரும். மஞ்சள் நிறம், நுனியில் பிளவுள்ள ஐந்து இதழ்கள். சாரணை கணுவில் ஒளித்துப் பூக்கும், இது நுனியில் காட்டிப் பூக்கும். இதன் காயும் மூடி கழன்று திறப்பதுதான். ஆனால் உள்ளே விதைகள் ஏராளம், ஒவ்வொன்றும் 1 மி.மீ.க்கும் சிறிது, உள்ளங்கையில் கொட்டினால் கருந்தூள் போல் இருக்கும். இலையை மென்றால் புளிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மருந்து அடித்த வயலில் நாக்கால் சோதனை செய்ய வேண்டாம்.

மூக்கிரட்டைக்குச் சாரணையைப் போலவே எதிரெதிரான, அளவு மாறுபட்ட இலைகள் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் தவறியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறோம். இலையைத் திருப்புங்கள்: அடிப்புறம் வெளிறி வெள்ளியாக இருந்தால், விளிம்பு லேசாக நெளிந்திருந்தால் மூக்கிரட்டை. தண்டு சதைப்பற்றாக இராது, மெலிந்து கணுவில் மட்டும் புடைத்திருக்கும். பூக்கள் மிகச் சிறியவை, ஊதா கலந்த சிவப்பு. இலைக்கு அடியில் ஒளியாமல், கிளைத்த மெல்லிய காம்புகளின் நுனியில் வெளியே நிற்கும். காய் ஐந்து வரியுள்ள சின்னக் கதாயுதம் போலிருக்கும். பிசுபிசுப்பால் வேட்டியிலும் ஆட்டு ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். இன்னொரு பெரிய வேறுபாடு ஆயுள். சாரணையும் பருப்புக்கீரையும் ஒரு பருவச் செடிகள். மூக்கிரட்டை தடித்த கிழங்கு போன்ற வேரிலிருந்து ஆண்டுதோறும் துளிர்க்கும். அதனால் அதை வரப்பிலும் சாலையோரத்திலும்தான் அதிகம் காணலாம். உழுது விதைத்த வயலில் நெருக்கமாகப் பாய் விரிப்பது அதன் வழக்கமல்ல.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு இரண்டு செடிகளையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். தண்டைக் கிள்ளினால் பால் வடிந்தால் அம்மான் பச்சரிசி வகை. ஓர் இலைக்கோணத்தில் பூக்கள் கொத்தாக இருந்தால் சாரணையின் நெருங்கிய உறவான சாலேயா டிகாண்ட்ரா. அதன் வேர் தடிமன், ஆயுளும் அதிகம்.

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு வருவோம். பருப்புக்கீரை நல்ல கீரை. சாரணையின் இளந்தளிரையும் சில ஊர்களில் சமைக்கிறார்கள். இரண்டிலும் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் உப்பு மிகுதி; சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஒதுக்கிவிடுவது நல்லது, மற்றவர்களும் வேகவைத்த நீரை வடித்துவிட வேண்டும். முற்றிய சாரணை கீரைக்கு ஆகாது. கர்ப்பிணிகள் சாரணையை எந்த வடிவிலும் தொட வேண்டாம். கருவைக் கலைக்கும் தன்மை உள்ளதாக மருத்துவ மரபிலேயே எச்சரிக்கை உண்டு. மாடு, ஆடு முற்றிய சாரணையை வயிறு நிறைய மேய்ந்தால் கழிச்சல் வரும், ஆகவே பிடுங்கிய களையை மொத்தமாகத் தொட்டியில் கொட்டாதீர்கள். உங்கள் வயலைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது வேறு: விதைத்த மூன்றாம் நாள் களைக்கொல்லி அடித்திருந்தால், மடியில் கட்டிய கீரை எதுவானாலும் அந்த அம்மாவிடம் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

மருந்துச் சரக்கிலும் இந்தக் குழப்பம் புகுந்திருக்கிறது. ஆயுர்வேதத்தில் புனர்நவா என்ற பெயரில் செந்நிற வகைக்கு மூக்கிரட்டையும் வெண்ணிற வகைக்குச் சாரணையும் சொல்லப்படுகின்றன. காய்ந்த வேராகக் கைமாறும்போது ஒன்றுக்கு ஒன்று கலந்துவிடும். வேர் வாங்க ஆள் வந்தால், எது என்று பார்த்துக் கொடுங்கள்.

இனி மல்லாட்டை. பயிர் 18 நாள் என்பதால் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியை அடிக்கும் காலம் கடந்துவிட்டது. அது முளைக்கும் விதையைத்தான் பிடிக்கும்; மண்ணுக்கு மேலே வந்த செடியை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் இப்போது அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். நெல்லுக்கு அடிக்கும் 2,4-டி களைக்கொல்லி சாரணையைச் சாய்க்கும் என்பது சரிதான், கூடவே மல்லாட்டையையும் சாய்க்கும். இரண்டுமே அகன்ற இலைச் செடிகள்.

எங்கள் பரிந்துரை, ஆள் கிடைத்தால் 20ஆம் நாளிலேயே கைக்களை. களைக்கொத்தை மண்ணுக்குள் செலுத்தி ஆணிவேரின் தலைக்குக் கீழே வெட்ட வேண்டும். மேலே படர்ந்த கிளைகளை மட்டும் பிய்த்தால் மீதமுள்ள அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வெயிலடிக்கும் முற்பகலில் செய்யுங்கள், வெட்டியதை வேர் மேலே இருக்கும்படி போடுங்கள், வெட்டிய இரண்டு நாளுக்குள் பாசனம் வேண்டாம். கலந்து கிடப்பதில் பருப்புக்கீரையும் இருந்தால் அதை வயலுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். அதன் துண்டுத் தண்டு ஈர மண்ணில் வேர்விடும். பிடுங்கிப் போட்ட பிறகும் தண்டிலுள்ள சதைநீரைக் கொண்டு காயை முற்றவைக்கும். இரண்டாம் களை 40ஆம் நாளை ஒட்டி, ஜிப்சம் இட்டு மண் அணைப்பதற்கு முன். அதற்கப்புறம் கொத்தக் கூடாது. பூவிலிருந்து கிளம்பிக் காயாகும் விழுதுகள் மண்ணுக்குள் இறங்கும் நேரத்தில் கொத்து பட்டால் ஒவ்வொரு விழுதும் ஒரு காய் இழப்பு.

ஆள் கிடைக்கவில்லை என்றால் இமாசெதபிர் 10 சதவீதம் எஸ்.எல். (நீரில் கரையும் திரவம்) களைக்கொல்லியை ஏக்கருக்கு 300 முதல் 400 மி.லி., 200 லிட்டர் நீரில் கலந்து அடிக்கலாம். 16 லிட்டர் டேங்குக்கு 24 முதல் 32 மி.லி. வரும். களை 2 முதல் 4 இலைப் பருவத்தில் இருக்கும்போதுதான் முழுப் பலன். சாரணை கையளவு படர்ந்த பிறகு அடித்தால் வாடி, மஞ்சளாகி, மீண்டும் எழும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், விசிறி நாசில் வேண்டும். ஊடுபயிராகப் பயறு வகை அல்லாத எதையாவது போட்டிருந்தால் அடிக்கவே வேண்டாம். அறுவடைக்குப் பின் சோளம் அல்லது கடுகு போடும் எண்ணம் இருந்தால், மருந்தின் மிச்சம் மண்ணில் தங்கி அவற்றைப் பாதிக்கும். டப்பாவோடு வரும் தாளில் மறுபயிர் இடைவெளியைப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும், காய் கட்டுவதற்கு முன் முடிப்பது முக்கியம். முளைத்த மூன்று, நான்கு வாரத்தில் சாரணை பூக்கத் தொடங்கும். பெரும்பாலானோர் களைக்கு 30 நாளுக்கு மேல் தள்ளிப்போட்டு, செடியை உதறிப் பிடுங்குகிறார்கள். உதறும்போது மூடிகள் கழன்று விதை அத்தனையும் அங்கேயே விழுகிறது. வயல் சுத்தமாகத் தெரியும், அடுத்த மழைக்குத்தான் கணக்கு வரும். ஏற்கெனவே காய் தென்பட்டால் உதறாமல் மெல்லத் தூக்கிச் சாக்கில் போட்டு வெளியேற்றுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு, நிலத்தை விதைப்புக்குத் தயார் செய்துவிட்டு விதைக்காமல் ஒரு நீர் விடுங்கள், அல்லது முதல் மழைக்குக் காத்திருங்கள். சாரணை ஒரே அலையாக முளைப்பதால், 10 முதல் 12 நாளில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். அதை மேலோட்டமாக, இரண்டு அங்குல ஆழத்துக்கு மிகாமல் கொத்துக்கலப்பையால் அழித்துவிட்டு விதையுங்கள். இந்த நேரத்தில் ஆழ உழுதால் அடியில் உறங்கும் பழைய விதைகள் மேலே வந்து, காத்திருந்தது வீணாகிவிடும். விதைத்த மூன்றாம் நாளுக்குள், ஈர மண்ணில், பெண்டிமெத்தலின் 30 சதவீதம் இ.சி. (நீரில் பால்போல் கலக்கும் திரவம்) ஏக்கருக்கு 1.3 லிட்டரை 200 லிட்டர் நீரில் கலந்து, அதாவது 16 லிட்டர் டேங்குக்கு சுமார் 105 மி.லி. வீதம், பின்னோக்கி நடந்தபடி தெளியுங்கள். முன்னோக்கி நடந்தால் மண்மேல் படிந்த மருந்துப் படலத்தை உங்கள் காலடியே உடைக்கும். உடைந்த இடத்திலெல்லாம் சாரணை முளைக்கும்.