அக்கா பதில்கள்: தெருவைத் தாண்டி வந்த பிள்ளைகளோடு ஒரு முகாம்

(ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் வாழ்ந்து, இப்போது சென்னை இல்லங்களில் வளரும் சிறுவர்களுக்காக ஏற்காட்டில் மே மாதம் நடக்கும் கிறிஸ்தவ முகாமில் தொண்டு செய்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் சபை வாலிபர் குழுவோடு முதல் முறையாக முகாமுக்கு வருகிறேன். ஊரில் வி.பி.எஸ். (கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தியிருக்கிறேன். அந்த அனுபவம் போதுமா?
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் தாராளமாகப் போதும், மகளே. கைவினைப் பெட்டியை மட்டும் கிளம்புமுன் ஒருமுறை கொட்டிப் பார். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், நெடியடிக்கும் பெயின்ட் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அவற்றைத் துணியில் நனைத்து முகர்ந்து பசியை மறந்த பிள்ளைகள் உண்டு. பாடுபட்டு அந்தப் பழக்கத்தை விட்டவனுக்கு, மறுபடி தொடங்க அந்த வாடை ஒன்றே போதும். மைதாவில் பசை காய்ச்சிக்கொள். சுவரொட்டிக்காரர்கள் போடும் மயில்துத்தம் வேண்டாம். ஐந்து நாளில் ஒன்றும் பூச்சி பிடித்துவிடாது.

படுக்கை உதறும்போது தலையணைக்கு அடியில் சுருட்டிய சப்பாத்தி கிடைக்கும். சுத்தம், சுகாதாரம் என்று பாடம் எடுக்காதே. மூடி போட்ட ஒரு டப்பாவைக் கொடு, எறும்பாவது வராமல் இருக்கும். செருப்பையும் தலைமாட்டில் வைத்துத்தான் சிலர் படுப்பார்கள். பிளாட்பாரத்தில் கழற்றி விட்ட செருப்பு விடியும்வரை அங்கேயே இருக்குமா என்ன?

அடுத்தது கதை. ஒரு முகாமில் ஒரு தம்பி பைபிளில் வரும் கெட்ட குமாரன் கதையை அருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தகப்பன் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் முன்வரிசைப் பையன் கேட்டான்: "அந்த அப்பா குடிக்க மாட்டாரா, அண்ணா?" லூக்கா 15ஆம் அதிகாரத்தின் இளைய மகன் சொத்தைப் பிரித்துக்கொண்டு போனவன். நம் பிள்ளைகளில் பலர் அடி தாங்காமல் ஓடியவர்கள். அந்தக் கதையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எடுத்த எடுப்பில் வேண்டாம். என் கைச்சரக்கு பைபிளில் வரும் அடிமைப் பெண் ஆகாரின் கதைதான். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட தாய், தோல் துருத்தியில் தீர்ந்துபோன தண்ணீர், செடியின் கீழ் விடப்பட்ட பிள்ளை. கடவுள் அந்தப் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார் என்று சொல்லும்போது வாலுப் பையன்கள்கூட அசைய மாட்டார்கள்.

இன்னொன்று: நிச்சயமாகப் போகப்போவதில்லை என்றால், "இல்லத்துக்கு வந்து உன்னைப் பார்க்கிறேன்" என்று பஸ் ஏறும்போது எவனிடமும் சொல்லிவிடாதே. அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கேள்வி: முகாம் படங்களை முகநூலில் போட்டால் நன்கொடை வரும் என்கிறார்கள். முகத்தை மறைத்துவிட்டால் போதுமா?
- வாலிபர் குழுச் செயலர், வேலூர்

பதில்: வேண்டாம் தம்பி. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74 படித்திருக்கிறீர்களா? பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படம் மட்டுமல்ல. பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் முகத்தை மறைத்துவிட்டுக் கீழே இல்லத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவீர்கள். வகுப்பில் யாருக்கும் தன் பழைய கதை தெரியாமல் அந்தப் பையன் காப்பாற்றி வைத்திருக்கிறான். உங்கள் நன்கொடைக்காக அதைக் கெடுக்க வேண்டுமா? அரிசி மூட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளில் பலர் இந்துக்கள், முஸ்லிம்கள். ஜெபம், பாட்டு என்று ஆள் சேர்ப்பதுதானே உங்கள் நோக்கம்?
- வாசகர், சேலம்

பதில்: நியாயமான சந்தேகம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் இல்லாமல் ஒரு சிறுவனை மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் பிரிவு. முகாமுக்கும் அந்த அளவுகோல்தான் சரி என்பது என் கட்சி. ஜெப நேரத்தில் கேரம் ஆடுகிறவனுக்கும் அதே பாயசம்தான். ஞானஸ்நானக் கணக்குக் கேட்டு வருகிற ஊழியக்காரரை நான் சமையலறைப் பக்கம்கூட விட மாட்டேன்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை); ஆனால் இதில் கத்தோலிக்கர்களிடம் கற்க வேண்டியது இருக்கிறது. 1841இல் இத்தாலியின் துரின் நகரில், பூசைக்கு உதவத் தெரியாத ஓர் ஏழைப் பையனைக் கோயில்காரர் அடித்துத் துரத்தினார். அங்கிருந்த இளம் குரு டான் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து, எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. சீட்டி அடிக்கத் தெரியுமா என்றார். பையன் சிரித்துவிட்டான். அவர் தொடங்கிய சலேசிய சபைத் துறவிகள் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். சென்னையில் தெருச்சிறுவர்களுக்காக அவர்கள் நடத்தும் அன்பு இல்லம் பலருக்கும் தெரிந்ததே.

கேள்வி: எனக்கு வயது 58. பாடவும் தெரியாது, பேசவும் வராது. சமையல் மட்டும் தெரியும். நான் வந்து என்ன செய்வது?
- இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: உங்களைத்தான் அம்மா தேடிக்கொண்டிருக்கிறோம்! கிட்டார் வாசிக்கப் பத்துப் பேர் வருகிறார்கள், வெங்காயம் உரிக்க ஒருவரும் வருவதில்லை. காலை இட்லி தொண்டையில் இறங்குமுன்பே "ராத்திரிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்பார்கள். மூன்று வேளைக்கும் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், எழுதியதை மாற்றாதீர்கள். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்; அது இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை, பாட்டிமார்களையும்தான்.