கேள்வி–பதில்: துகள்கள் சுழலும் திரவத்தில் வெப்பம்

கேள்வி: நுண்குழாயில் ஓடும் ரத்தத்தின் வெப்பநிலையைக் கணக்கிட, திரவ ஓட்டத்துக்கான வழக்கமான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடு போதாதா? துகள்களின் சுழற்சியையும் கணக்கில் கொள்ளும் மைக்ரோபோலார் கோட்பாடு எதற்கு?

பதில்: குழாய் அகலமாக இருந்தால் போதும். சிவப்பணுவின் விட்டம் சுமார் 8 மைக்ரான். குழாய் சில பத்து மைக்ரானுக்குச் சுருங்கும்போதுதான் சிவப்பணுக்களின் தனிச்சுழற்சி முக்கியமாகிறது. அறிவியலாளர் எரிங்கன் 1966-இல் தந்த மைக்ரோபோலார் கோட்பாட்டில், ஒவ்வொரு புள்ளிக்கும் திசைவேகத்தோடு நுண்சுழற்சியும் (அங்குள்ள துகள்களின் தனிச்சுழற்சி) உண்டு. ஆகவே கோண உந்தத்துக்குத் தனிச் சமன்பாடு வேண்டும், தகைவும் (திரவத்துக்குள் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) சமச்சீரற்றதாகிறது.

பலர் தவறுவது பாகுநிலையில். பாகுநிலையை அளக்கும் விஸ்காமீட்டர் காட்டுவது μ (கோட்பாட்டின் வழக்கமான பாகுநிலைக் குணகம்) அல்ல, μ+κ/2; κ என்பது துகள் சுழற்சியோடு தொடர்புள்ள கூடுதல் பாகுநிலைக் குணகம். அதை μ என்று போட்டால் κ-வின் பங்கு இருமுறை சேர்ந்துவிடும்.

வெப்பத்துக்கு வருவோம். 1972-இல் எரிங்கன் விரித்த வடிவில், வெப்பப் பாய்வு வெப்பநிலைச் சரிவை (இடத்துக்கு இடம் வெப்பநிலை மாறும் வீதத்தை) மட்டுமல்ல, நுண்சுழற்சியின் கர்லையும் (அதன் புலம் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவை) சார்ந்தது. கர்லைப் பெருக்கும் குணகம் மாறிலியானால், கர்லின் டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து நிகரமாக வெளியேறும் அளவு) பூச்சியம்; அந்த வழியே ஆற்றல் சமன்பாட்டில் எதுவும் சேராது. ஆனாலும் கர்லும் வெப்பநிலைச் சரிவும் பெருகிய உறுப்பு ஆற்றல் சமன்பாட்டில் நிற்கும்; சுழலிணைத் தகைவின் (ஓரலகுப் பரப்பில் செயல்படும் திருப்புவிசையின்) வழியாக வருவது அது. குழாயின் நீளவாக்கில் வெப்பநிலை மாறும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

சுவரில் நுண்சுழற்சி பூச்சியம் என்று வைத்தால், குழாய் குறுகக் குறுகத் தோற்றப் பாகுநிலை (ஓட்டத்திலிருந்து கணிக்கும் பாகுநிலை) μ+κ நோக்கி ஏறும். ரத்தத்திலோ சுமார் 300 மைக்ரானுக்குக் கீழே அது இறங்குகிறது. எனவே சுவரோரம் சிவப்பணுக்களற்ற பிளாஸ்மா அடுக்கு ஒன்றைத் தனியே சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.