கரையில் நின்று முதல் வஞ்சிரம்: ராடு போதும், கைப்பழக்கம் மாறணும்

கேள்வி: எனக்கு ஊர் கோபி. பவானி ஆற்றிலும் தடப்பள்ளி வாய்க்காலிலும் விரால், கெளுத்தி பிடித்துப் பழகியவன். போன மாதம் பொன்னானி கடல் தடுப்புக் கல்மேட்டில் நின்று மெட்டல் ஜிக் (சின்ன மீன் மாதிரி இருக்கும் உலோகப் போலி இரை) வீசினேன். படாரென்று ஒரு இழுப்பு, உடனே தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது. வஞ்சிரம் பிடிக்க இன்னும் பெரிய ராடு வாங்கணுமா?

பதில்: வேண்டாங்க. அறுந்த நுனியை முதலில் பாருங்கள். ஒரே வெட்டாக இருந்தால் பல் பட்டிருக்கிறது. கொஞ்ச தூரம் சொரசொரப்பாக இருந்தால் பாறையில் உரசியிருக்கிறது. சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பல்தான் என்று நினைக்கிறேன்.

வஞ்சிரத்தின் பல் முக்கோணமாக, நெருக்கமாக, கத்தி மாதிரி இருக்கும். பெரும்பாலும் இரையின் வால் பக்கத்தில்தான் கடிக்கும். அதனால் ஜிக்கின் வால் முனையிலும் ஒரு முள் வேண்டும். ஜிக்குக்கு முன்னால் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஸ்டீல் ஒயர் கட்டுங்கள். சுவிவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) கறுப்பு நிறத்தில் இருக்கட்டும், பளபளப்பைப் பார்த்தால் அதையே கடித்து நரம்பை அறுத்துவிடும். ஒன்பது, பத்து அடி ராடு, 5000 அளவு ரீல், 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு) 250 மீட்டர், 40 முதல் 60 கிராம் ஜிக். இவ்வளவு இருந்தால் போதும்.

உண்மையில் மாற வேண்டியது கைப்பழக்கம். விராலுக்குத் தவளை லூரை (தவளை மாதிரிப் போலி இரையை) மெதுவாக இழுப்போம், கவ்வியதும் ஒரு கணம் பொறுத்து ஓங்கிச் சுண்டுவோம். வஞ்சிரத்திடம் இரண்டுமே எடுபடாது. துரத்தித் தின்கிற மீன் அது. ஜிக்கை மேல்தண்ணீரில் கை வலிக்கிற வேகத்தில் சுற்றுங்கள். கடித்ததும் சுண்டாதீர்கள், வந்த வேகத்திலேயே முள் ஏறியிருக்கும். ராடை வளைவாகப் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். முதல் ஓட்டத்தில் ஐம்பது, நூறு மீட்டர் நரம்பைக்கூட உருவும். பதறிப்போய் ஸ்பூலை (ரீலில் நரம்பு சுற்றிய உருளையை) கையால் அழுத்தினால் மீன் போச்சு. டிராக், அதாவது நரம்பை ஓட விடும் ரீலின் இறுக்கம், நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு இருந்தால் சரி. உங்கள் நரம்புக்கு அது மூன்று கிலோ சொச்சம். தொங்கு தராசை நுனியில் மாட்டி இழுத்து வீட்டிலேயே சரிபார்த்துவிடலாம். வீசிப் பழக அறுப்பு முடிந்த வயல் இருக்கிறது. முள்ளைக் கழற்றிவிட்டு வீசுங்கள், நாலைந்து மணி நேரம் பயணம் போய்க் கடலில் பழக வேண்டியதில்லை.

பொன்னானியை நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்லது. கொங்குக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போகும் மேற்குக் கடல்தான் பக்கம். ஆனால் பாரதப்புழை அங்கேதான் கடலில் சேர்கிறது. நம்ம ஆழியாற்றுத் தண்ணீரும் அதில்தான் போகிறது. மேலே மழை பெய்து முகத்துவாரம் கலங்கியிருந்தால் வஞ்சிரத்தை எதிர்பார்க்காதீர்கள், அதற்குத் தெளிந்த உப்புத் தண்ணீர் வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு, விடியற்காலை முதல் இரண்டு மணி நேரம் நல்லது. கடற்பறவைகள் பாய்ந்து கொத்துவதும், மத்தி, நெத்திலிக் கூட்டம் துள்ளுவதும் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். ஒன்றுமே தெரியாத இடத்தில் மணிக்கணக்காக வீசுவதைவிட இடம் மாறுவது மேல்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பாசி படிந்த கல்லில் மீனைத் தூக்க இறங்காதீர்கள். நீளமான கொக்கியோடு கூட ஒருவர் வரணும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் கல்மேட்டுப் பக்கமே போக வேண்டாம். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி இடித்தால் உடனே ராடைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

மீன் கிடைத்தால் வெயிலில் போட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். வஞ்சிரம் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அது எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலைவலி, வாந்தி வரும். செவுளையும் குடலையும் உடனே எடுத்துவிட்டு, மீனின் எடைக்குச் சமமாக உடைத்த ஐஸில் புதைத்துக் கொண்டுவாங்க. காலையில் தேடி அலையாமல் ஐஸை முந்தின நாள் ராத்திரியே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.