.357-ஆ, .44-ஆ, அதற்கும் மேலா? ரிவால்வர் காலிபர் கேள்வி பதில்

அமெரிக்காவில் ரேஞ்சுக்கும் (சுடும் பயிற்சித் திடல்) வேட்டைக்கும் போகத் தொடங்கியிருக்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். காலிபர் என்றால் குண்டின் விட்டம், சுமாராக அங்குலத்தில்; மேக்னம் என்றால் அழுத்தம் கூட்டிய வலுவான தோட்டா. நான் இருப்பது டெக்சாஸில். மானும் காட்டுப்பன்றியும் எனக்குப் பழக்கம். கரடி விஷயத்தில், கரடியுள்ள இடங்களில் வேட்டையாடுகிறவர்கள் சொன்னதை வைத்துத்தான் பேசுவேன்.

அண்ணா, முதல் ரிவால்வர் வாங்கப் போகிறேன். வாராவாரம் ரேஞ்ச், வருஷத்துக்கு ஒரு தடவை மான் வேட்டை. .357 மேக்னமா, .44 மேக்னமா? (ஆஸ்டின்)

ரேஞ்சா வேட்டையா, எதில் அதிகத் தோட்டா செலவழிக்கப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள் தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குண்டு காகிதத்தில்தான் விழப் போகிறது.

.357 வந்தது 1935-இல். 1898-இலிருந்தே இருக்கும் .38 ஸ்பெஷலின் கூட்டை (மருந்தடைத்த பித்தளை உறை) கொஞ்சம் நீட்டி, அழுத்தத்தை ஏற்றிச் செய்தது. அதனால் .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைத் தாராளமாகச் சுடலாம். உதைப்பு குறைவு, செலவும் குறைவு. .44 மேக்னம் 1955-இல் வந்தது. அதற்கும் அதே கதைதான்: 1907-இன் .44 ஸ்பெஷலை நீட்டியது, பழையதும் உள்ளே போகும். ஆனால் .44 ஸ்பெஷல் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் மலிவில்லை. .38 பெட்டி எந்தக் கடையிலும் இருக்கும்.

சக்தியைப் பார்த்தால், .357-இல் 158 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு நான்கு அங்குலக் குழலிலிருந்து விநாடிக்கு 1,235 அடி வேகத்தில் கிளம்பும்; சுமார் 535 அடி-பவுண்டு. .44-இல் 240 கிரெயின் குண்டு நீளமான குழலிலிருந்து 1,350 அடி வேகத்தைத் தொடும். 970 அடி-பவுண்டு பக்கம். கிட்டத்தட்ட இரு மடங்கு. ஐம்பது கெஜத்துக்குள், பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் மானுக்கு .357 போதும். அதற்கு மேல் என்றாலும், மான் கோணலாக நின்றாலும் .357-ஐ வைத்துச் சுடாமல் விடுவதுதான் நல்லது. .44 அங்கே கொஞ்சம் இடம் கொடுக்கும்.

உங்களுக்கு என் சிபாரிசு ஆறு அங்குலக் குழல் .357. வேட்டைதான் முக்கியம் என்று மனசு சொன்னால் .44.

.38 உள்ளே போகிறது, சரி. .38 ரிவால்வரில் .357 போகுமா?

போகாது, போகவும் கூடாது. அதற்காகத்தான் கூட்டை எட்டில் ஒரு அங்குலம் போல நீட்டியிருக்கிறார்கள். இன்னொரு விஷயம்: .357-இல் .38-ஆகவே சுட்டுத் தள்ளினால் சிலிண்டர் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை) துளைக்குள், குட்டைக் கூடு முடியும் இடத்தில், கரியும் ஈயமும் வளையமாகப் படியும். பிறகு .357 போடும்போது கடைசியில் இடிக்கும். கட்டை விரலால் அழுத்தித் திணிக்காதீர்கள். வெண்கலப் பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போடுங்கள்.

சார், நண்பரின் .44-ஐ வாங்கிச் சுட்டேன். முதல் இரண்டு பரவாயில்லை, அப்புறம் எல்லாமே இடது பக்கம் கீழே போகிறது. துப்பாக்கியில் கோளாறா? (சார்லட்)

வலது கைக்காரர் என்று நினைக்கிறேன். துப்பாக்கியில் ஒன்றும் இல்லை. வெடிக்கப் போகிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது, அது முந்திக்கொண்டு குழலை அமுக்குகிறது. நம்பாவிட்டால் ஒரு சோதனை. நண்பரை விட்டு ஆறு துளையில் மூன்றில் மட்டும் தோட்டாவும் மீதியில் காலிக் கூடும் போடச் சொல்லுங்கள். சிலிண்டரை அவரே சுற்றி மூடித் தரட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம். காலிக் கூட்டின் மேல் சுத்தி ‘டக்’ என்று விழும் நேரத்தில் குழல் முனை குபுக்கென்று கீழே குனியும். வெடிச் சத்தம் இல்லாததால் அந்தக் குனிவு அப்பட்டமாகத் தெரியும். பார்க்கவே வெட்கமாக இருக்கும். நன்றாகச் சுடுகிறவர்களும் அவ்வப்போது இதைச் செய்து பார்ப்பார்கள்.

இதற்கு மருந்து சின்னத் தோட்டா. .22-இல் நிறைய, .44 ஸ்பெஷலில் கொஞ்சம், கடைசியில் மேக்னம் ஒரே ஒரு சிலிண்டர். முழுப் பெட்டி மேக்னத்தை ஒரே மத்தியானத்தில் காலி செய்தால் கெட்ட பழக்கத்தைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட மாதிரி.

கைப்பிடியையும் பாருங்கள். ரூகர் கம்பெனியின் பழைய சூப்பர் பிளாக்ஹாக் மாதிரியில் விசைக் காப்பின் (விசையைச் சுற்றிய வளையம்) பின்பக்கம் சதுரமாக இருக்கும். ஒவ்வொரு உதைப்புக்கும் நடுவிரல் முட்டியைப் பதம் பார்க்கும். பலருக்கு பிஸ்லி வடிவக் கைப்பிடி அதைவிட ஒத்துவரும்.

.41 மேக்னம் பற்றி யாருமே பேசுவதில்லையே?

1964-இல் வந்தது. .357-க்கும் .44-க்கும் நடுவில், போலீஸ்காரர்களை நினைத்துச் செய்தார்கள். அவர்கள் அதை அதிகம் சீந்தவில்லை. 210 கிரெயின் குண்டு, 1,300 அடி வேகம், மானுக்கு அருமை. எனக்கு மிகவும் பிடித்த தோட்டா என்று ஒளிக்காமல் சொல்வேன். ஆனால் நீங்களே தோட்டா கட்ட (காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் அடைக்க) தயாராக இல்லையென்றால் வாங்காதீர்கள். கடைகளில் தேடியே காலம் போகும்.

மாமனாரின் நண்பர் ஒருவர் பழைய .45 கோல்ட் (Colt) ரிவால்வர் தந்தார். கடையில் ‘+பி’ என்று போட்ட .45 கோல்ட் தோட்டா பார்த்தேன். பன்றிக்கு அதைப் போடலாமா? (சான் அன்டோனியோ)

தயவுசெய்து வேண்டாம். ‘+பி’ என்றால் வழக்கத்தைவிட அழுத்தம் கூட்டியது. பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தெந்தத் துப்பாக்கிக்கு மட்டும் என்று அச்சடித்திருப்பார்கள்.

.45 கோல்ட் கருமருந்துக் காலத்துத் தோட்டா. 1873-இன் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரோடு வந்தது. இன்றும் அதன் தொழில்தர அழுத்த வரம்பு 14,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .44 மேக்னத்துக்கு 36,000. அகலமான துளைகள் ஆறை அந்தச் சின்ன சிலிண்டரில் துளைத்தால் நடுவில் மிஞ்சும் இரும்பு மெல்லிசு. ரூகர் பிளாக்ஹாக் போன்ற தடித்த சிலிண்டர் ரிவால்வர்கள் வந்த பிறகு, கையால் தோட்டா கட்டுகிறவர்கள் இதே கூட்டில் இரு மடங்கு அழுத்தம் ஏற்றினார்கள். அந்தத் தோட்டா .44-க்குச் சமமாக வேலை செய்யும். உங்கள் பழைய துப்பாக்கிக்குள்ளும் அது வழுக்கிக்கொண்டு போகும், எங்கேயும் இடிக்காது. அதுதான் ஆபத்து. வெடித்தால் சிலிண்டர் பிளந்து மேல்சட்டமும் பறக்கும்.

சாதாரணத் தோட்டா, 255 கிரெயின் ஈயம், 860 அடி வேகம். அதை வைத்து ரேஞ்சில் சுட்டு மகிழுங்கள். அதற்கு முன்னால் ஒரு துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டிவிடுங்கள்.

.454 கசுல், .460, .500 இதெல்லாம் யாருக்கு?

பெரிய மிருகத்துக்குப் போகிறவர்களுக்கு. யூடியூபில் நண்பனைச் சுட விட்டுச் சிரிக்கிறவர்களுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

.454-ஐ டிக் கசுல் 1950-களில் உருவாக்கினார். வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் 1983-இல் அதற்கென்றே ஐந்து தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. அழுத்த வரம்பு 65,000 பிஎஸ்ஐ, அதாவது ரைபிளுக்கு உரியது. 300 கிரெயின் குண்டு 1,600 அடிக்கு மேல் போகும். .45 கோல்ட்டும் அதில் போகும், அதுதான் இதன் பெரிய சௌகரியம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .500 மேக்னம் 2003-இலும் .460 2005-இலும் வந்தன. .460-இல் .454-உம் .45 கோல்ட்டும் போகும். .500-க்கும் .500 ஸ்பெஷல் என்று ஒரு சின்னத் தம்பி உண்டு, ஆனால் கடையில் கிடைப்பது அபூர்வம். எட்டங்குலக் குழலோடு .500 சுமார் இரண்டு கிலோ எடை, சக்தி 2,500 அடி-பவுண்டைத் தாண்டும்.

இவற்றில் விரல் வைக்கும் இடம் முக்கியம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளி வழியாக வெடித்த மருந்தின் சூடான வாயு பக்கவாட்டில் சீறும். ரைபிள் பிடிப்பது போல இடது கையை முன்னால் கொண்டுபோனால் விரலைக் கிழித்துவிடும். வெறும் மானுக்கு இவை எதுவும் தேவையில்லை. இடையில் .480 ரூகர் என்று ஒன்று 2001-இல் வந்தது. 325 கிரெயின், 1,350 அடி, தாங்கக்கூடிய உதைப்பு. ஏன் பிரபலமாகவில்லை என்று இன்னும் எனக்கு ஆதங்கம்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். நான் வாங்கலாமா? (டாலஸ்)

இதுதான் அதிகம் வந்த கேள்வி. எச்1பி, எஃப்1 போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி தடை. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் இதில் அடக்கம். விதிவிலக்குகளில் நமக்குப் பொருந்துவது ஒன்று: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது காலாவதியான அன்றே விலக்கும் போய்விடும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. தவறினால் வேலை, விசா எல்லாம் போகும் என்பதால், என் பேச்சை மட்டும் நம்பாமல் வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

காட்டுப்பன்றிக்கு எத்தனை அடி-பவுண்டு வேண்டும்?

அந்தக் கணக்கை விடுங்கள். ரிவால்வர் குண்டு அதிர்ச்சியால் கொல்வதில்லை, ஓட்டையால் கொல்கிறது. இரண்டு நுரையீரலும் துளைபட்டு மறுபக்கம் வெளியே வர வேண்டும். பன்றிக்குத் தோள்பட்டை மேல் தடித்த தோல். சீக்கிரம் விரிந்துவிடும் லேசான குண்டு பாதியில் நின்றுவிடும். .357 என்றால் 180 கிரெயின், .44 என்றால் 240-க்குக் குறையாமல், தட்டையான மூக்குள்ள கெட்டி ஈயம் அல்லது மெதுவாக விரியும் குண்டு. அடிபட்டதும் அது ஓடும், பதறாதீர்கள். இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு ரத்தத்தைத் தொடருங்கள்.

எவ்வளவு தூரம் என்றால்: எட்டங்குலப் பேப்பர் பிளேட்டை மாட்டுங்கள். ரேஞ்ச் பெஞ்சில் இல்லாமல் முழங்காலிட்டுச் சுடுங்கள். எந்தத் தூரம் வரை ஆறும் உள்ளே விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. முப்பது கெஜம் என்று வந்தால் முப்பதுதான், கையில் .500 இருந்தாலும்.

டெக்சாஸில் தனியார் நிலத்தில், சொந்தக்காரர் அனுமதியோடு பன்றி சுட 2019-இலிருந்து வேட்டை உரிமம் தேவையில்லை. மேலே விசா பதிலைப் படித்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு உரிமம் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். மானுக்கு எல்லோருக்கும் உரிமம் வேண்டும், .22 போன்ற ரிம்ஃபயர் (கூட்டின் விளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டாவும் கூடாது.

கலிஃபோர்னியாவில் ஈயமே கூடாதாமே?

ஆமாம், 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டு முழுத் தடை. செம்புக் குண்டு வாங்குங்கள். செம்பு லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், குறி விழும் இடமும் மாறும். வேட்டைக்கு முன் அதே தோட்டாவில் பார்வையைச் சரிசெய்யுங்கள்.

இரும்பு உருவங்களைச் சுடும் சில்லவுட் போட்டிக்கு எது நல்லது?

1976-இல் தொடங்கிய ஐஹெச்எம்எஸ்ஏ (கைத்துப்பாக்கியால் உலோக உருவம் சுடுவோரின் சர்வதேசச் சங்கம்) போட்டியில் கோழி 50 மீட்டர், பன்றி 100, வான்கோழி 150, செம்மறிக்கிடாய் 200. குண்டு பட்டால் போதாது, உருவம் சாய வேண்டும். அந்தக் கிடாய்தான் வம்பு. .357 குண்டு ‘டிங்’ என்று பட்டும் அது நின்றுகொண்டே இருப்பது உண்டு. அதற்காகவே 1980-களின் தொடக்கத்தில் .357 மேக்ஸிமம் என்று இன்னும் நீட்டினார்கள். லேசான குண்டை அதிவேகமாகச் சுட்டவர்களின் துப்பாக்கி மேல்சட்டத்தை வாயு அரித்தது, ரூகர் அந்த மாதிரியையே நிறுத்திக்கொண்டது. இன்று .44-இல் 240 கிரெயின் போதும். ஐம்பது கெஜத்துக்குப் பார்வை வைத்திருந்தால் நூறில் சுமார் அரை அடி இறங்கும், இருநூறில் இன்னும் பல மடங்கு; அதனால் பார்வையை ஏற்றி இறக்கும் திருகு நல்லதாக இருக்கட்டும். வெறும் வட்டக் குறிக்குத் துல்லியம்தான் வேண்டும் என்றால் 148 கிரெயின் வாட்கட்டர் (தட்டை முகக் குண்டு) போட்ட .38-ஐ மிஞ்ச எந்த மேக்னமும் வேண்டாம்.

ஊரில் தோட்டம் இருக்கிறது. பன்றித் தொல்லை. லைசென்ஸ் ரிவால்வர் இருந்தால் சுடலாமா? (கோவை)

முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

அலாஸ்காவில் மீன் பிடிக்கப் போகிறேன், கரடிக்கு இலேசான .44 வாங்கலாமா?

டைட்டானியம், ஸ்காண்டியம் கலந்த இருபத்தைந்து அவுன்ஸ் .44-கள் இருக்கின்றன. இடுப்பில் சுமக்கச் சுகம், சுடுவது நரகம். உதைப்பின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டை விட்டு முன்னால் நழுவி, சிலிண்டரைச் சுற்றவிடாமல் பூட்டிவிடும். கரடி முன்னால் அது நடக்க வேண்டாம். எடையுள்ளதையே வாங்குங்கள், கெட்டி ஈயம் போடுங்கள், கரடி ஸ்பிரேயைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

வேட்டையில் ஒரே ஒரு குண்டுதானே, காது மூடி வேண்டுமா?

வேண்டும். .44 ஒரு தடவை வெடித்தாலே 160 டெசிபெல்லைத் தாண்டும், காது இரைச்சல் நிரந்தரமாகிவிடலாம். இலை சலசலப்பைப் பெருக்கிக் கேட்கவிட்டு, வெடியை மட்டும் தடுக்கும் மின்னணு மூடிகள் கிடைக்கின்றன. ரேஞ்சில், அதுவும் கூரைக்குக் கீழே என்றால், உள்ளே நுரை அடைப்பான், மேலே மூடி, இரண்டும்.